காத்தாடிக் கரண்டா, கூரைச் சூரியனா, தெற்கத்திக் காற்றா: காசிமேட்டு ஐஸ் ஆலைக்கு ஒரு கணக்கு

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு காற்றுதான். என் தங்கை வீட்டுக்காரரும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஆலை நடத்துகிறார்கள். ஒரு நாளைக்கு 20 டன் பார் ஐஸ் போடும் ஆலை. அவர்களுக்குப் பெரிய செலவே ஈ.பி. பில்தான். கூலி, தண்ணீர், அமோனியா எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த ஆண்டு நான்கு பேரும் 25 லட்சம் ரூபாய் ஒதுக்கி, சொந்தக் கரண்டுக்கு ஏதாவது வழி செய்துவிடுவது என்று உட்கார்ந்தார்கள். மணலியில் ஒரு ஆலையில் 31 ஆண்டு எலக்ட்ரிக்கல் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்கள்.

கூரையில் சோலார், இல்லையென்றால் தெற்கே காற்றாலையில் பங்கு. இந்த இரண்டைத்தான் நான் தாளில் எழுதி வைத்திருந்தேன். நடுவில் தங்கை மகன், என் மருமகன், வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "மாமா, வெளிநாட்டுல காத்தாடி விட்டு கரண்டு எடுக்கிறாங்க. காத்தாடிக்கு நம்ம ஏரியாவ விட்டா வேற எது மாமா?" என்றான். கூட்டாளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது உண்மை. உண்மையாக இருக்கிற ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தள்ளுவது சரியில்லை. அதனால் அதையும், பிறகு அவனே கேட்ட மாடிக் காற்றாலையையும் சேர்த்து, நான்கு வழிகளையும் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் சின்னத் தொழில் வைத்திருப்பவர்கள் யாருக்காவது உதவும்.

ஒரு சொல்லை முதலில் பிரித்துவிடுகிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் போய் "காத்தாடி" என்றால் மலையடிவாரத்தில் நிற்கும் காற்றாலையைக் காட்டுவார்கள். ராயபுரத்தில் காத்தாடி என்றால் நூலில் பறக்கும் பட்டம். இந்தக் கட்டுரையில் காத்தாடி என்று வரும் இடமெல்லாம் நம் ஊர்க் காத்தாடிதான்.

காத்தாடியிலிருந்து எப்படிக் கரண்ட் வரும்? மொட்டை மாடியில் காத்தாடி விட்டவனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நல்ல காற்றில் காத்தாடி மேலே ஏறும்போது நூலை விடவிட அது இழுத்துக்கொண்டே போகும். கண்டு கையில் நிற்காமல் சுற்றும், விரல் காயும். அந்த இழுப்புதான் ஆற்றல். கண்டுக்குப் பதிலாகத் தரையில் ஒரு டிரம், டிரம்மோடு ஒரு ஜெனரேட்டர், நூலுக்குப் பதிலாக விரல் தடிமனில் செயற்கை இழைக் கயிறு, காகிதத்துக்குப் பதிலாக ஒரு வீட்டு மாடியளவு துணி. காத்தாடி வானத்தில் எட்டுப் போட்டபடி ஏறும். கயிறு அவிழ, டிரம் சுற்ற, கரண்ட் வரும். கயிறு எல்லை தொட்டதும் காத்தாடியின் முகத்தைத் திருப்பி அதன் பிடிப்பைத் தளர்த்திவிட்டு, அதே ஜெனரேட்டரை மோட்டாராக ஓட்டி மளமளவென்று கீழே இழுப்பார்கள். இழுக்கச் செலவாவது கொஞ்சம், ஏறும்போது கிடைத்தது அதிகம். அந்த வித்தியாசம்தான் லாபம். இது இரவு பகலாக, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள, திரும்பத் திரும்ப நடக்கும்.

எட்டுப் போடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. காற்றுக்கு நேரே சும்மா நிற்கும் காத்தாடியைவிட, காற்றுக்குக் குறுக்கே பாயும் காத்தாடி பல மடங்கு இழுக்கும். டீல் போடும்போது, அதாவது நூலோடு நூலை உரசவிட்டு அறுக்கிற சண்டையில், காத்தாடியைக் குறுக்கே வெட்டி இறக்கினால் நூல் எப்படி விறைக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதை முறையாகச் சமன்பாட்டில் எழுதியவர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்த மைல்ஸ் லாய்டு. 1980ல் வந்த அவருடைய கட்டுரையில் சி-5ஏ என்ற பெரிய ராணுவச் சரக்கு விமானத்தை அடிப்படையாக வைத்து ஒரு காத்தாடியைக் கணக்கிட்டார். விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் அது 6.7 மெகாவாட் தரும் என்று வந்தது. எண்ணெய் விலை உலகத்தையே ஆட்டிவைத்த காலம் அது. அப்புறம் எண்ணெய் மலிந்தது, கட்டுரை அலமாரிக்குப் போனது. நெதர்லாந்தின் முதல் விண்வெளி வீரரான வுப்போ ஓக்கல்ஸ் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இதைத் திரும்பக் கையில் எடுத்தார்.

இன்னொரு நியாயமும் உண்டு. சாதாரணக் காற்றாலை இறக்கையின் வெளி நுனியை மட்டும் பாருங்கள். நீளத்தில் வெளிப்பக்க 30 விழுக்காடு மட்டுமே, இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்கிறது. உள்பக்க இறக்கை, கோபுரம், அஸ்திவாரம் எல்லாம் அந்த நுனியைத் தாங்கத்தான். நுனியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதற்குப் பதிலாக ஒரு கயிறு போட்டால் இரும்பும் கான்கிரீட்டும் எவ்வளவு மிச்சம்! என் மருமகன் சொக்கிப் போனது இந்த இடத்தில்தான். நானும்தான்.

இதை நிஜத்தில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2006ல் தொடங்கிய மக்கானி நிறுவனத்தை 2013ல் கூகுள் வாங்கியது. அவர்கள் துணியை விட்டுவிட்டு, 26 மீட்டர் அகல இறக்கையில் எட்டுச் சுழலிகள் வைத்த 600 கிலோவாட் இயந்திரத்தையே கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டார்கள். 2019ல் நார்வே கடலில் சோதனை நடந்தது. 2020 பிப்ரவரியில் கடையை மூடிவிட்டார்கள். ஆனால் தாங்கள் கற்றதையெல்லாம் பெரிய தொகுப்பாகப் பொதுவில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெருந்தன்மைக்குக் கும்பிடலாம். ஜெர்மனியின் ஸ்கைசெய்ல்ஸ், கப்பலை இழுக்கும் ராட்சதக் காத்தாடியில் ஆரம்பித்து, 2021 கடைசியில் மொரிஷியஸ் தீவில் மின்சாரக் காத்தாடியை நிறுவியது. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த கைட்பவர் 100 கிலோவாட் அளவுக் காத்தாடியை 2021ல் கரீபியன் கடலின் அரூபா தீவிலும், பிறகு அயர்லாந்தின் மேற்கே ஆள் நடமாட்டம் குறைந்த மேயோ மாவட்டத்திலும் பறக்கவிட்டது. நெதர்லாந்தின் ஆம்பிக்ஸ் நிறுவனமோ 2022ல் திவாலானது. ஆக, இது ஏமாற்று வேலையும் அல்ல, கடைக்குப் போய் விலை கேட்டு வாங்கி வரும் பொருளும் அல்ல.

சரி, காசிமேட்டுக்கு வருவோம்.

உயரத்தில் காற்று அதிகம் என்பதுதான் காத்தாடியின் முதல் வாதம். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் விநாடிக்கு 5 மீட்டரிலிருந்து 7 மீட்டரானால் ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கு கூடுதல், அதாவது 2.7 மடங்கு ஆகிறது. ஆனால் உயரம் போகப்போக வேகம் அதே கணக்கில் ஏறிக்கொண்டே போகாது. சமதரைக்கு வழக்கமாகப் போடும் கணக்கின்படி, 10 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்குப் போனால் ஆற்றல் நான்கு மடங்குக்கு மேல். 100 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்குப் போனால் 1.6 மடங்குதான். இன்றைய காற்றாலைகள் 100, 120 மீட்டர்க் கோபுரத்தில் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் காத்தாடிக்குக் கிடைக்கும் கூடுதல், படத்தில் தெரிகிற அளவு பெரிதில்லை. கடற்காற்றுக்கு இது இன்னும் பொருந்தும். கடலின் முகம் வழுவழுப்பானது, காற்றைத் தடுத்து நிறுத்த அங்கே வீடும் இல்லை மரமும் இல்லை. அதனால் கீழேயே நல்ல வேகம் இருக்கும், மேலே போய்ப் பெறுவது கொஞ்சம்தான். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் பெருங்காற்றைப் பிடிக்கலாமே என்று மருமகன் கேட்டான். கயிற்றின் நீளம் கூடக்கூடக் கயிறே காற்றைத் தடுக்கிறது, கயிற்றின் எடையும் ஏறுகிறது. அதனால்தான் இன்று ஓடும் காத்தாடிகள் எல்லாம் சில நூறு மீட்டர் உயரத்திலேயே நின்றுகொள்கின்றன.

அப்புறம், எங்கள் பக்கத்துக் காற்று ஆண்டு முழுக்க ஒன்றல்ல. கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். விடிகாலையில் கரைக்காற்று, நண்பகலை ஒட்டி ஏறும் கடல்காற்று, ஆடியில் கச்சான், ஐப்பசிக்கு மேல் வாடை, நடுநடுவே கொண்டல். ஒவ்வொன்றுக்கும் திசை வேறு, பலம் வேறு. காற்று மாறும் வேளையில் ஒரு மணி நேரம் இலைகூட அசையாது. காத்தாடி அப்போது கீழே இறங்கத்தான் வேண்டும். இறங்கும், திரும்ப ஏறும். ஆனால் இறங்க இடம் வேண்டும்.

இடம்தான் சிக்கல். ஒரு கணக்கு போட்டேன். 350 மீட்டர்க் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்தும் அடிக்கலாம் என்பதால், காத்தாடி விழக்கூடிய வட்டத்தின் ஆரம் அதே 350 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 95 ஏக்கர். அந்த ஆலை வாசலில் நின்றுகொண்டு 350 மீட்டர் சுற்றிப் பார்த்தேன். படகுகளின் பாய்மரமும் ஆண்டெனாவும், மீன் ஏலக்கூடம், வலை உலர்த்தும் இடம், லாரிகள், மூன்று மாடிக் குடியிருப்புகள், பள்ளிக்கூடம், தெருவெல்லாம் மின்கம்பி.

கயிறு எவ்வளவு இழுக்கும் தெரியுமா? 100 கிலோவாட் வர வேண்டும், கயிறு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அவிழ்கிறது என்றால் இழுப்பு சுமார் 33 கிலோநியூட்டன். மூன்று டன்னுக்கு மேல் எடை தொங்கும் பலம். அந்தக் கயிறு அறுந்து தெருவில் விழுந்தால்? மாஞ்சா நூல் கழுத்தில் பட்டு வண்டியில் போனவர்கள் செத்த ஊர் இது. அப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போன குழந்தையும் அதற்குப் பலியானதுண்டு. போலீஸ் திரும்பத் திரும்பத் தடை போட்டும், அந்த நூல் பயம் வடசென்னையில் இன்னும் போகவில்லை. கண்ணாடித்தூள் தடவிய சின்ன நூலுக்கே அந்த விலை கொடுத்திருக்கிறோம். மூன்று டன் பலத்தில் இழுக்கிற கயிற்றைக் குடியிருப்பின் தலைக்கு மேல் ஓட்டச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எவ்வளவு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தாலும் சரி.

நான் பத்து வயதில் இருந்தபோது, எங்கள் தெருப் பையன் விட்ட காத்தாடி உயர் அழுத்தக் கம்பியில் மாட்டி, மழை ஈரத்தில் நூல் வழியே மின்சாரம் இறங்கி அவன் கை கருகியதைப் பார்த்தேன். நான் மின்சார வேலைக்குப் போனதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

ஆலைக்குப் பக்கத்தில் இல்லையென்றால் எண்ணூர்ப் பக்கம் காலி இடம் இருக்கிறதே என்றார் ஒரு கூட்டாளி. இந்த வார்த்தையில்தான் எனக்கு வருத்தம். வரைபடத்தில் காலியாகத் தெரிவது கொசஸ்தலையாற்றுக் கழிமுகம். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. காலி என்று சொல்லிச் சொல்லித்தான் ஆற்றில் சாம்பல் கொட்டப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓடத் தொடங்கி 2017ல் நின்றது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024ல் திறந்த மூன்றாம் கட்டம் 800, வல்லூர் 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட், எல்லாம் ஒரே வட்டாரத்துக்குள். இந்த நகரத்தின் குளிர்சாதனப் பெட்டி ஓட எங்கள் பக்கம் கொடுத்தது போதும். புதிய சோதனை எதுவானாலும், அங்கே தொழில் செய்கிறவர்கள் முதலில் சரி என்று சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு அந்த மின் நிலையங்களிலிருந்து கிளம்பும் 230, 400 கிலோவோல்ட் கம்பிகள் அந்த வெளியெங்கும் வலை பின்னியிருக்கின்றன. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி, பூநாரைகள் இறங்குகிற இடம். அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். காத்தாடிக்கு அங்கேயும் வானம் திறந்து கிடக்கவில்லை.

சட்டத்தையும் பார்த்தேன். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் "விமானம்" என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே காத்தாடியும் சேர்க்கப்பட்டிருந்தது. மாடியில் விடுகிறவனை யாரும் கேட்காமல் இருக்கலாம். 300 மீட்டரில் நிரந்தரமாகப் பறக்கிற ஒன்றுக்கு விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வாங்காமல் முடியாது. ஒரு ஐஸ் ஆலை முதலாளி அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா?

காத்தாடிக்கு நல்ல பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. புயல் வருகிறது என்றால் இறக்கி மடித்து உள்ளே வைத்துவிடலாம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா வந்தபோது நின்றுகொண்டிருந்த எதற்கும் அந்த வசதி இல்லை. ஒரு கன்டெய்னரில் ஏற்றி, கோபுரம் நிறுத்த முடியாத இடத்துக்குக் கொண்டுபோகலாம். அதனால்தான் தீவுகளில் அதற்கு மதிப்பு. லட்சத்தீவில் பெரும்பாலும் டீசலில்தான் விளக்கு எரிகிறது, அந்த டீசல் கப்பலில் போகிறது. அங்கே காத்தாடி டீசலோடு போட்டி போடும், சுற்றிலும் கடல், விழுந்தாலும் தண்ணீரில் விழும். காசிமேட்டில் அது ஈ.பி. கம்பியோடு போட்டி போட வேண்டும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நைந்துபோகிற துணியையும் கயிற்றையும் மாற்றிக்கொண்டே இருக்கும் செலவைச் சேர்த்தால் அந்தப் போட்டியில் நிற்காது. நகரத்தின் தெற்கே பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. யாராவது இந்தத் தொழில்நுட்பத்தை இங்கே சோதிக்க வேண்டுமென்றால் அவர்களைப் போன்றவர்கள், ஆளில்லாத வெளியில், அரசு செலவில் செய்ய வேண்டும். நான்கு மீனவக் குடும்பங்களின் 25 லட்சத்தில் அல்ல.

காத்தாடியை ஒதுக்கியதும் மருமகன் உடனே "அப்போ மாடியிலேயே சின்னக் காற்றாலை வெச்சிடலாம் மாமா" என்றான். இதற்குப் பதில் சுருக்கம். 3 மீட்டர் விட்டமுள்ள சின்னச் சுழலி 7 சதுர மீட்டர்க் காற்றைத் தொடும். மாடி உயரத்தில் விநாடிக்குச் சராசரி 4 மீட்டர் காற்று என்றால், கிடைப்பது நாளைக்கு ஒன்றரை, இரண்டு யூனிட். அதே 7 சதுர மீட்டரில் சோலார் தகடு வைத்தால் மூன்று யூனிட். கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்றடிப்பதால் பேரிங் தேய்வதும், அதிர்வு சுவருக்குள் இறங்குவதும் தனி. வேண்டாம்.

இனி சோலார். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், அதற்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். ஆலைக் கூரையில் நிழல் விழாத இடம் 4,000 சதுர அடி. ஆக 40 கிலோவாட், நாளைக்கு 160 யூனிட். ஒரு டன் பார் ஐஸுக்கு 60 முதல் 80 யூனிட் ஆகும். நடுவில் 70 என்று வைத்தால் ஆலைக்கு நாளைக்கு 1,400 யூனிட். கூரை கொடுப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். கூட்டாளிகளுக்கு இது ஏமாற்றம். "அவ்ளோதானா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்றால் 20 லட்சம் செலவு. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கு மேல் மிச்சம். நாலரை, ஐந்து ஆண்டில் போட்ட காசு வந்துவிடும். தகடு 25 ஆண்டு உழைக்கும். இவ்வளவு உறுதியாக மற்ற எந்த வழிக்கும் என்னால் கணக்குச் சொல்ல முடியாது.

ஐஸ் ஆலைக்கு ஒரு தனி அதிர்ஷ்டமும் உண்டு. பேட்டரி வாங்க வேண்டாம், ஐஸே பேட்டரி. வெயில் இருக்கும்போது கம்ப்ரசரை முழுக்க ஓட்டி, ஐஸ் அச்சுகள் மூழ்கி நிற்கும் உப்புநீர்த் தொட்டியை நன்றாகக் குளிர்வித்துவிட்டால், சாயங்காலம் கொஞ்சம் தளர்த்தலாம். பகலில் கம்ப்ரசர் இழுப்பது 40 கிலோவாட்டுக்கு மேல். அதனால் கூரையில் வருகிறதெல்லாம் உள்ளேயே செலவாகிவிடும்.

ஆனால் ஒரு உறுத்தல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும், ஆலை மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். சூரியன் கொளுத்துவதோ சரியாக அந்த நாட்களில்தான். மிச்சமாகும் யூனிட்டை ஈ.பி.க்குத் தள்ளினால் நாம் வாங்கும் விலை கிடைக்காது. எனவே கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது வீடுகளுக்கு, தொழிலுக்கு இல்லை. உங்கள் வீட்டு மாடிக்குத் தாராளமாகப் போடுங்கள்.

கடலோரத்தில் தகட்டைவிட அதைத் தாங்கும் சட்டம்தான் முதலில் சாகும். திருவொற்றியூரில் என் நண்பர் ஒருவர் வீட்டில் மலிவான பூச்சு பூசிய இரும்பில் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது மழையில் போல்ட்டெல்லாம் துரு. சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அல்லது அலுமினியம், 316 வகை துருப்பிடிக்காத போல்ட், சென்னைக்கு விதிக்கப்பட்ட விநாடிக்கு 50 மீட்டர் காற்றைத் தாங்கும் வடிவமைப்பு. இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. எண்ணூர், மணலிப் பக்கமாக இருந்தால் கரித்தூசி படியும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வழி தெற்கே காற்றாலையில் பங்கு. உண்மையைச் சொன்னால், காத்தாடியைப் பற்றிப் பேசும்போது நம் மனதில் இருக்கும் ஆசை காற்றிலிருந்து கரண்ட். அது தமிழ்நாட்டில் பழைய கதை. 1986ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைத் தொகுப்பு வந்தது. இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு என்று கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல்களில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. மலையே செய்து கொடுத்த புனல் அது. காத்தாடி மேலே போய்த் தேடுகிற வேகத்தை, ஆரல்வாய்மொழியை ஒட்டிய முப்பந்தலில் மலை தரைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. அங்கே ஒருமுறை வண்டியை விட்டு இறங்கி நின்றேன். சட்டை உடம்பில் நிற்கவில்லை.

2005 மின்சார விதிகளின்படி, ஒரு மின் நிலையத்தில் பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்து, உற்பத்தியில் 51 விழுக்காட்டையாவது தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த நிலையமாகக் கணக்கு. சொந்தக் கரண்ட் என்பதால், வெளியாரிடம் கரண்ட் வாங்குகிறவர்களுக்குப் போடும் கூடுதல் மிகைக்கட்டணம் கிடையாது. கம்பி வழியே கொண்டுவரும் கட்டணமும் இழப்பும் உண்டு. ஒரு மெகாவாட் காற்றாலை, நல்ல இடத்தில், ஆண்டுக்கு 20 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரும். ஆலைக்கு ஆண்டுக்கு வேண்டியது நாலு லட்சம் சொச்சம். ஐந்து ஐஸ் ஆலைகள் சேர்ந்தால் ஒரு காற்றாலையின் கரண்ட் போதும்.

என்னை இந்த வழி பக்கம் இழுத்தது பருவம். காற்று மே மாதம் ஏறி செப்டம்பர் வரை அடிக்கும். தடைக்காலம் ஜூன் பாதியில் முடிகிறது. அன்று இரவே நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஆலைக்கு ஆண்டிலேயே அதிக வேலை அப்போதுதான், தெற்கே காற்று உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். சூரியன் கைவிடும் இடத்தில் காற்று கைகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இரண்டும் சுணங்கும்.

சிக்கல் என்னவென்றால், இது தனியாளாகச் செய்யும் வேலை இல்லை. ஆலையின் இணைப்பு இப்போது தாழ்வழுத்தம். வெளியிலிருந்து கரண்ட் கொண்டுவர உயர் அழுத்த இணைப்புக்கு மாற வேண்டியிருக்கும். அதற்குச் சொந்த டிரான்ஸ்ஃபார்மர், மாத டிமாண்ட் கட்டணம். 2022ல் வந்த பசுமை மின்சார விதிகள் வெளியிலிருந்து வாங்கத் தேவையான குறைந்தபட்ச அளவை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டுக்கு இறக்கியிருப்பதால் கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. மிச்ச யூனிட்டைச் சேமித்து வைத்துப் பிறகு எடுக்கும் விதிகளோ ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைக்கு ஆணை மாறுகின்றன. பத்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை ஒரு வக்கீல் படிக்க வேண்டும்.

கூட்டத்தில் நான் சொன்னது இது. இந்த ஆண்டு 20 லட்சத்தில் கூரை. மீதி ஐந்து லட்சத்தில் உப்புநீர்த் தொட்டியின் பழைய தெர்மாகோலைப் பிய்த்துப் புதுக் காப்புப் போடுங்கள், கண்டென்சர் குழாயில் படிந்த உப்பை எடுங்கள். தொட்டிச் சுவர் வெளியே வேர்க்கிறது. அது வேர்வை இல்லை, காசு. இதைச் செய்தால் கூரை கொடுப்பதில் பாதியையாவது மிச்சம் பிடிக்கலாம் என்பது என் அனுபவம். காற்றாலைப் பங்கை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள், ஆனால் பக்கத்து ஆலைக்காரர்களிடம் இப்போதே பேசத் தொடங்குங்கள். ஐந்து பேர் சேராமல் அது நடக்காது.

மச்சானுக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரு கூட்டாளிக்குக் கூரையின் ஒன்பதில் ஒரு பங்கு இன்னும் மனதில் இறங்கவில்லை. முழுப் பணத்தையும் காற்றாலையில் போடலாமே என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் செலவை எழுதிக் காட்டியதும் யோசிக்கிறேன் என்றார். கூரைக்கு மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறார்கள்.

மருமகனுக்கு முகம் வாடியிருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உயரத்துக் காற்றைப் பற்றி நாம் பேசியதெல்லாம் பொதுக் கணக்கு, காசிமேட்டுக் காற்றை நாம் அளக்கவே இல்லையே என்றேன். கூரைக்குச் சட்டம் போடும்போது ஓரத்தில் ஒரு பத்து மீட்டர்க் குழாய் நட்டு, காற்றுமானி ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கான பணம் என்னுடையது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் திசையும் பதிவாகும். கடலுக்குப் போய்வரும் பெரியவர் ஒருவர், அன்றன்றைக்கு அடித்தது என்ன காற்று என்று அவனுக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதிக்கொள்வான். ஆடிக் கச்சானில் தொடங்கி அடுத்த ஆடி வரை எழுதப் போகிறான்.